ஓரத்து முடி

2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, குமாசி நகரின் பந்தாமா பகுதியில் போக்குவா என்ற பெண் சிறுநீரகம் பழுதாகி இறந்தாள். வயது முப்பத்தெட்டு. உடல் நகரத்துக்கு வெளியே ஒரு தனியார் பிணவறையின் குளிர்பெட்டியில் வைக்கப்பட்டது. அடக்கத்துக்கு மே மாதம் பத்தாம் தேதி, சனிக்கிழமை என்று குடும்பம் முடிவுசெய்தது.

போக்குவாவின் அக்காள் செர்வா ஏப்ரல் முதல் வாரத்திலேயே தன் தலைமுடி பின்னும் கடையை மறுபடி திறந்துவிட்டாள். கறுப்புத் துணி உடுத்தித்தான் திறந்தாள். பந்தாமா பெரிய சாலையோரம் நீல வண்ணம் அடித்த தகரப்பெட்டிக் கடை அது. உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி, கரி அடுப்பில் எந்நேரமும் கொதிக்கும் ஒரு பானைத் தண்ணீர். மின்சாரம் ஒருநாள் வந்தால் மறுநாள் வராத வருஷம். பின்னல் வேலைக்கு மின்சாரம் தேவையில்லை, வெளிச்சம் போதும். அதனால் வாசலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார வைத்துவிடுவாள்.

அவள் கணவன் ஆம்போஃபோவின், ஆட்களை ஏற்றும் ட்ரோட்ரோ வேன் அந்த மழைக்காலம் முழுக்க என்ஜின் பிரிந்து மெக்கானிக் கொட்டகையில் கிடந்தது. இரண்டு பெண் பிள்ளைகளும் விடுதிப் பள்ளியில் படித்தார்கள். பள்ளி விதிப்படி இரண்டு பேருக்கும் தலை ஒட்ட வெட்டியிருக்கும். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் பின்னல் போடுகிறவளுக்குத் தன் பிள்ளைகள் தலையில் பின்னிப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் அவர்கள் படிப்பும் சோறும் அவள் விரல்களில்தான் இருந்தன.

கடை திறந்த அந்த வாரம் ஒரு காலையில் நாற்காலியில் போவாட்டெமா உட்கார்ந்திருந்தாள். பெரிய சந்தையில் துணிக்கடை வைத்திருப்பவள். செர்வாவுக்குப் பத்து வருஷ வாடிக்கை. பழைய பின்னல்களை அவிழ்த்து முடித்ததும் தலையைப் பரபரவென்று சொறிந்தாள்.

"சொறியாதீங்கக்கா. கைய எடுங்க."

"ஒரு மாசமா அடைச்சுக் கெடந்த தலைடீ. கொஞ்சம் காத்து வாங்கட்டும். நீ மருந்த எடு. ஞாயித்துக்கிழமை கல்யாணம் இருக்கு. முடி கண்ணாடி மாதிரி நேரா நிக்கணும்."

"இன்னைக்கு முடி நேராக்கற அந்த ரிலாக்ஸர் மருந்தெல்லாம் வைக்க மாட்டேன்."

"ஆரம்பிச்சுட்டா."

"அவிழ்த்த அன்னைக்கே மருந்து வச்சா தோல் வெந்துடும். அதுலயும் நகத்தால கீறியாச்சு. ரெண்டு வாரம் தலை சும்மா இருக்கட்டும். இன்னைக்குக் கழுவி, எண்ணெய் வச்சு, பெருசா நாலு பின்னல் போடறேன். அதுமேல நல்லதா ஒரு தலைத்துணி கட்டிக்கிட்டுப் போங்க. துணி வியாபாரிக்குத் துணியா பஞ்சம்?"

"அடுத்த கடை ஃபாஸ்டினா கேட்ட உடனே வச்சு விடுவா."

"வைப்பா. அப்புறம் அவகிட்டயே விக்கும் வாங்கிக்கலாம்."

போவாட்டெமா சிரித்தாள். திட்டிக்கொண்டே தலையைப் பின்னால் சாய்த்துக் கொடுத்தாள். செர்வா ஈரமான முடியை நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்தாள். விரலால் முதலில், அகலப் பல் சீப்பால் பிறகு. அவள் கையில் யாரும் முகம் சுளித்ததில்லை. நெற்றியோரத்திலும் காதுக்கு முன்னாலும் இருக்கும் பூனைமயிர் போன்ற முடியை அவள் பின்னலுக்குள் எடுக்கவே மாட்டாள். ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளித்தான் ஆரம்பிப்பாள். ஆரம்பத்தில் முடிச்சு இருக்காது. சொந்த முடியில் நாலைந்து சுற்றுப் போன பிறகுதான் செயற்கை முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பாள். இதனால் நேரம் இரட்டிப்பாகும், பின்னலும் சீக்கிரம் கலையும். ஃபாஸ்டினா கடையில் போட்ட பின்னல் புருவத்தையே மேலே தூக்கி நிறுத்தும். ஒரு மாதம் அசையாது. ஆனாலும் ஓர முடி கொட்டிப்போனவர்கள் எல்லோரும் கடைசியில் செர்வாவிடம்தான் வந்தார்கள்.

"எம் புருஷன்கூட எந்தலையை இவ்ளோ மெதுவாத் தொட்டதில்ல" என்றாள் போவாட்டெமா கண்ணை மூடியபடி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆமா, உந்தங்கச்சிக்குத் தலை யார் பண்றாங்க?"

"இன்னும் பேசலக்கா."

"பிணவறையிலயே ஒருத்தி இருக்காளாமே. மான்சாவோ யாரோ. அந்தக் கைய நெனச்சாலே எனக்கு உடம்பு கூசுது. பொணத்துத் தலையக் கோதின கை உசுரோட இருக்கிற தலையில பட்டா அங்க முடி நிக்காது. எங்க மச்சினி தெரியாம அப்படி ஒருத்திகிட்டத் தலையக் குடுத்துட்டா. மூணே மாசம். உச்சி வழுக்கை."

"அவங்க மாசம் தவறாம மருந்து வச்சாங்க. வழுக்கை விழாம?"

"நீ அப்படித்தான் சொல்லுவ. எனக்குத் தெரியும் எது எதனாலன்னு."

செர்வா அடுத்த பின்னலுக்கு வகிடு எடுத்தாள். அதை அவள் நம்பினாளா என்றால் அவளுக்கே தெரியாது. பந்தாமாவில் அது யாரும் வாதாடாத விஷயம். சர்ச்சில் பாடுகிறவர்களும் வங்கியில் வேலை பார்க்கிறவர்களும் இதில் ஒன்றுதான். செத்தவர்களுக்குத் தலை செய்கிறவள் உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்வதில்லை. சந்தையில் மான்சா எதிரே வந்தால் செர்வாவும் வேறு வரிசைக்குள் நுழைந்து போனவள்தான்.

*

போக்குவா பதினாறு வருஷம் அக்ராவில் ஒரு பெரிய ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். அந்த மேசைக்குப் பின்னால் நிற்பவளின் முடி தோளில் நேராக விழ வேண்டும் என்பது எழுதப்படாத விதி. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மருந்து. அதன்மேல் தைத்த முடி. கடைசியில் பசை வைத்து ஒட்டிய முடி. சிறுநீரகம் கெட்டு வேலை போய் குமாசிக்குத் திரும்பியபோது அக்காள் வீட்டுப் படியில் உட்கார்ந்து தலைத்துணியை அவிழ்த்தாள். இரண்டு நெற்றிப்பொட்டிலும் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் பளபளத்தது.

"என்னன்னு சொல்லு. பிசாசு மாதிரி இருக்கேன்ல?"

"பிசாசுக்கு முடி இருக்கும்" என்றாள் செர்வா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு போக்குவா அழுதாள். புருஷன் விட்டுப் போனபோதும் வேலை போனபோதும் அழாதவள் அவள்.

அன்றே செர்வா மருந்தால் நேரான முடியை எல்லாம் கத்தரித்தாள். மிஞ்சியது ஒரு விரல்கணு சுருட்டை. இரண்டு வருஷம் அந்தத் தலையில் சீப்பு படவில்லை, விரல்தான். வாரம் ஒருமுறை வெந்நீரும் சோப்பும். ஈரம் காயும் முன்பே உள்ளங்கையில் உருக்கிய ஷியா வெண்ணெய். தூங்கும்போது வழவழப்பான துணி. ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு சக்கையாக வீடு திரும்பும் நாளில்கூட, போக்குவா தரையில் உட்கார்ந்து அக்காளின் முழங்கால்களுக்கு நடுவில் தலையைக் கொடுப்பாள். உச்சியிலும் பிடரியிலும் முடி சீக்கிரம் வந்தது. ஓரம் வரவில்லை. ஒரு வருஷம் கழித்துக் காதோரம் கரித்தூள் தூவியது போல ஏதோ தெரிந்தது. செர்வா விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள்.

"அழுக்கா?" என்றாள் போக்குவா.

"முடிடீ."

"பொய்."

"தொட்டுப் பாரு."

போக்குவா தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று இரவு அவள் ஃபூஃபூக் களி முழுசாகச் சாப்பிட்டாள்.

பிப்ரவரியில், எழுந்து நடக்க முடியாமல் போன பிறகு, ஒருநாள் சொன்னாள்: "என்னப் படுக்க வைக்கிறப்ப அந்த ஹோட்டல் முடிய வைக்க விடாதக்கா. நம்ம குடும்பத்தப் பத்தி எனக்குத் தெரியும். விக் வைப்பாங்க. எனக்கு இதுதான் வேணும். இத நாம வளத்தோம்."

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு."

"சரின்னு சொல்லு."

"சரி."

*

குடும்பக் கூட்டம் டான்சோ மாமாவின் வீட்டு முற்றத்தில், ஈஸ்டருக்குப் பிறகு வந்த புதன்கிழமை நடந்தது. டான்சோ மாமா அவர்களுடைய அம்மாவின் தம்பி, குடும்பத்தின் தலைவர். மரக்கடை நடத்தி ஓய்ந்தவர். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பெட்டி மால்ட் பானம், பந்தல்காரனுக்கு எவ்வளவு, உடலைக் கிடத்தும் பித்தளைக் கட்டிலுக்கு எவ்வளவு என்ற பேச்சு. சுவரில் சாய்த்து வைத்திருந்த புதுப் போஸ்டரில் போக்குவா ஆளுயரத்துக்குச் சிரித்தாள். ஹோட்டல் காலத்துப் படம். முடி தோளைத் தாண்டி நேராக விழுந்து கிடந்தது.

செர்வா எழுந்து விஷயத்தைச் சொன்னாள்.

"விக் வேணாமா?" மாமா கண்ணாடியைக் கழற்றினார். "அக்ராவுலேந்து ஹோட்டல்காரங்க வர்றாங்க. சர்ச்சு வருது. போஸ்டர்ல ஒரு மொகம், கட்டில்ல ஒரு மொகமா? வேற யாரையோ மாத்திக் குடுத்துட்டாங்கன்னு நெனைக்க மாட்டாங்க?"

"அப்ப போஸ்டர மாத்துங்க மாமா."

"அச்சடிச்சாச்சு."

"அது அவ முடியே இல்ல. கடையில வாங்குனது."

"கட்டில் மட்டும் நம்முதா? அதுவும் வாடகைதான். போட்டுக்கற நகையும் வாடகைதான். எல்லா வீட்லயும் இப்படித்தானம்மா நடக்குது."

பின்னாலிருந்து ஒரு சித்தி சொன்னாள்: "சீக்குக்காரி மாதிரி குட்டை முடியோட படுக்க வச்சா, கூடப் பொறந்தவ பாத்துக்கலன்னு உன்னத்தான் பேசுவாங்க."

"அந்த முடி குட்டையா இருக்கலாம் சித்தி. ஆனா அதுல ஒண்ணுகூட சீக்கு இல்ல. நான் பாத்துக்கிட்டதுக்கு அதுதான் சாட்சி."

குரல் உயர்ந்துவிட்டது. டான்சோ மாமா கெட்டவர் இல்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "நேர்த்தியான பின்னலா இருந்தா சரி. கோணல்மாணலா இருந்தா அங்கயே விக் வச்சுடுவேன். ஆனா யாரு பின்னுவா? அதச் சொல்லு. உன் கடைத் தெருவுலேந்து பொணத்துக்குப் பின்ன எவ வருவா?"

எவளும் வரமாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் அவள் மான்சாவைத் தேடிப் போனாள். பிணவறை மதிலுக்கு வெளியே ஒரு மரத்தடியில் மான்சா பெஞ்சில் உட்கார்ந்து வறுத்த மீனோடு கென்கே மாவுருண்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தடித்த, சிரித்த முகம்.

"வாங்க மேடம். சந்தையில என்னப் பாத்தா தக்காளி வரிசைக்குள்ள ஓடறவங்க, இன்னைக்கு நேரா வந்திருக்கீங்க."

செர்வா தலையைக் குனிந்துகொண்டாள். விஷயத்தைச் சொன்னாள். மான்சா மீன்முள்ளை நாக்கால் பிரித்துத் துப்பினாள்.

"நான் விக் வைப்பேன். முடி நீளமா இருந்தா இழுத்து நாலு பின்னல் போடுவேன். ஒரு தலைக்கு அரைமணி. எங்கிட்ட வர்றவங்க யாரும் வலிக்குதுன்னு சொன்னதில்ல."

"இது குட்டை முடி. மெல்லிசாப் பின்னணும்."

"கேளுங்க. அடக்கத்துக்குள்ள எட்டு வாரம் ஐஸ்ல கெடந்த தலையாயிடும். அதுலயும் கரண்டு போய்ப் போய் வருது. நான் இழுக்கற இழுப்புக்கு முடி தோலோட கையில வந்துடும். அதுக்கு மெத்துன்னு கை வேணும். எனக்குக் கெடையாது." கையை உதறித் துடைத்துக்கொண்டு செர்வாவின் விரல்களைப் பார்த்தாள். "உங்களுக்கு இருக்கு."

"எனக்குக் கடை இருக்கு."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். அடக்கத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் இங்க ஆள் இருக்காது. பின்பக்கமா வாங்க. போட்டுட்டுப் போங்க. யாராவது கேட்டா மான்சா போட்டான்னு சொல்லிக்கலாம். இன்னொருத்தி வேலைக்கு எனக்குப் பேர் கிடைச்சா எனக்கென்ன கசக்கவா போகுது?"

*

"கூடாது" என்றான் ஆம்போஃபோ.

மழை பெய்துகொண்டிருந்தது. தகரக் கூரைச் சத்தத்தில் இரண்டு பேரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. பக்கத்துப் போர்ஷன்காரர்கள் காதில் விழாமலும் இருக்க வேண்டியிருந்தது. அதனால் வாக்கியத்தின் பாதியில் கத்தினார்கள், பாதியில் கிசுகிசுத்தார்கள்.

"செத்தவ செத்துட்டா. அவளுக்கு விக் தெரியுமா, பின்னல் தெரியுமா?"

"எனக்குத் தெரியும்."

"என் வண்டி எப்பக் கெளம்பும்னு அந்தக் கடவுளுக்கே தெரியாது. இப்ப இந்த வீட்ல ஓடற ஒரே என்ஜின் உன் கை. அதக் கொண்டுபோய் அங்க..."

"யாருக்கும் தெரியாது. மான்சா சொல்ல மாட்டா."

"தெரியலன்னா மட்டும் சரியா? அங்க வச்ச கையத் திங்கக்கிழமை போவாட்டெமா தலையில வைப்பியா?"

செர்வா கிண்ணத்தில் சூப்பை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். "வைப்பேன். சோப்புப் போட்டுக் கழுவிட்டு வைப்பேன்."

"அவ கேட்டா?"

"அவ கேக்க மாட்டா. பத்து வருஷமா எங்கிட்ட ஒண்ணும் கேக்காமத் தலையக் குடுக்கறா."

அவன் ஃபூஃபூவைக் கிள்ளி எடுத்தான். வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தான். "உந்தங்கச்சி மேல எனக்கும் பாசம் உண்டு செர்வா. ஆனா இது ஊர்ல தெரிஞ்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அத இப்பவே சொல்லிட்டேன்."

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை நண்பன் ஒருவனின் டாக்ஸியை இரவல் வாங்கி ஆம்போஃபோவேதான் அவளைப் பின்பக்க வாசலில் கொண்டுபோய் விட்டான். வண்டியை விட்டு இறங்கவில்லை.

உள்ளே மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் சத்தம். உயரத்தில் ஒரு சன்னல். அதற்கு நேர் கீழே மேசையை நகர்த்தி வைத்திருந்தாள் மான்சா. அன்று காலையிலேயே எடுத்து வைத்ததால் உடல் இளகியிருந்தது. மூத்த பெண்கள் வந்து குளிப்பாட்டி முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். போக்குவாவின் முகம் சாம்பல் நிறமாகி, சிறுத்து, யாரோ அவளைப் பார்த்து வரைந்தது போல இருந்தது. முடி மட்டும் மாறவில்லை. அதே சுருட்டை, அதே கறுப்பு.

செர்வா வழக்கம்போல அவளைத் தன் முழங்கால்களுக்கு நடுவே உட்கார வைத்துக்கொள்ள முடியாது. மேசையின் தலைமாட்டில் நின்றாள். கையுறையைக் கொடுத்தாள் மான்சா. அதைப் போட்டுக்கொண்டு வகிடு எடுத்துப் பார்த்தாள்; முடி விரலில் நிற்கவில்லை. கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையால் ஆரம்பித்தாள். தோல் ஈரக் காகிதம் போலிருந்தது. ஷியா வெண்ணெயைக் கரி அடுப்பில் உருக்கிக் கொண்டுவந்திருந்தாள். அந்தக் குளிரில் அது உடனே உறைந்தது. வாயருகே கையைக் கொண்டுபோய் ஊதி ஊதி இளக்கித் தடவினாள்.

"இங்க பாருங்க மேடம்," மான்சா பக்கத்தில் வந்து நின்றாள். "ஓரத்துலேந்தே பிடிச்சுக் கெட்டியா இழுத்துப் போடுங்க. நான் அப்படித்தான் போடுவேன். அப்பதான் மான்சா போட்டதுன்னு சொன்னா நம்புவாங்க. உங்க மாதிரி மெதுவா உள்ள தள்ளி ஆரம்பிச்சீங்கன்னா, தெரிஞ்சவ கண்ணுக்கு அது உங்க கையெழுத்து."

செர்வா தலையாட்டினாள். அவள் சொல்வது சரி. முதல் பின்னலை நெற்றியின் ஓரத்திலிருந்தே பிடித்தாள். இரண்டு வருஷம் பாதுகாத்து வளர்த்த அந்தப் பூனைமயிரை மற்ற முடியோடு சேர்த்து இறுக்கி மூன்று சுற்றுச் சுற்றினாள். நெற்றிப்பொட்டின் தோல் கூடாரத் துணி மாதிரி மேலே எழும்பியது. ஓர முடி இரண்டு இழை வேரோடு விரலில் வந்தது.

அந்த இரண்டு இழையையும் சன்னல் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்தப் பின்னலை அவிழ்த்தாள்.

"என்ன பண்றீங்க?"

செர்வா ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளி ஆரம்பித்தாள்.

"மேடம், அவங்களுக்கு வலிக்காது."

"தெரியும்மா."

"அப்புறம்?"

"எனக்கு வேற மாதிரி வரல."

மான்சா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "உங்க இஷ்டம்" என்று வெளியே போனாள். சன்னல் வெளிச்சம் மங்குவதற்குள் வேலை முடிந்தது. நெற்றியிலிருந்து பிடரிவரை கோதுமைக் கதிர் போல மெல்லிய வரிசைகள்; காதுக்கு மேலே லேசாக வளைந்து இறங்கின. அவற்றுக்கு வெளியே நெற்றியைச் சுற்றிலும் ஓரத்து முடி கட்டப்படாமல் சுருண்டு கிடந்தது. செர்வா கையை மூன்றுமுறை கழுவினாள். உதிர்ந்த இரண்டு இழையையும் கைக்குட்டையில் முடிந்து எடுத்துக்கொண்டாள்; வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் போட்டு எரித்தாள்.

*

சனிக்கிழமை விடிந்ததும் முற்றத்தில் பித்தளைக் கட்டிலில் போக்குவாவைக் கிடத்தினார்கள். வெள்ளைச் சரிகைத் துணி, வாடகை நகை, கைகளில் வெள்ளை உறை. கறுப்பும் சிவப்பும் உடுத்திய கூட்டம் வரிசையாகச் சுற்றி வந்தது. ஒலிபெருக்கியில் சர்ச்சுப் பாட்டு காதைப் பிளந்தது. டான்சோ மாமா கட்டிலருகே ரொம்ப நேரம் நின்றார். போஸ்டரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"விக் வேணாம்னு சொன்னியே, நல்லதாப் போச்சு" என்றார் செர்வாவிடம். "உங்க அம்மா சின்ன வயசுல இப்படித்தான் இருந்தா. யாரு பின்னுனது?"

"மான்சா, மாமா."

"கெட்டிக்காரி. அவளுக்கு ஒரு பாட்டில் தனியாக் குடுக்கணும்."

ஹோட்டலிலிருந்து வந்த மூன்று பெண்களும் முதலில் அடையாளம் தெரியாமல் நின்று, பிறகு தெரிந்துகொண்டு அழுதார்கள். ஒருத்தி தன் தலையின் ஒட்டுமுடியை அறியாமல் தொட்டுக்கொண்டாள். செர்வாவுக்கு எட்டு வாரத்தில் முதல்முறையாக மூச்சு நிதானமாக வந்தது.

போவாட்டெமா வரிசையில் வந்தாள். சத்தமாக அழுதுகொண்டுதான் வந்தாள். அது நிஜ அழுகை. போக்குவாவுக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவள் அவள். கட்டிலின் தலைமாட்டில் குனிந்தாள். அழுகை நின்றது. இன்னும் கொஞ்சம் குனிந்து நெற்றிப்பொட்டைப் பார்த்தாள். பின்னலின் தொடக்கத்தைப் பார்த்தாள். அவள் கை தானாக உயர்ந்து தன் தலைத்துணியின் ஓரத்தை, ஐந்து வாரத்துக்கு முன் செர்வா பின்னிய நாலு பின்னல் தொடங்கும் இடத்தை, தொட்டது. பிறகு நிமிர்ந்து கூட்டத்தில் தேடினாள். முகத்தைத் தேடவில்லை. செர்வாவின் கைகளைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள்.

செர்வா கையை மடியில் மடக்கிக்கொண்டாள்.

*

திங்கட்கிழமை போவாட்டெமா வரவேண்டிய நாள். வரவில்லை. செவ்வாய்க்கிழமை செர்வா கடை வாசலில் நாற்காலியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, போவாட்டெமா ஃபாஸ்டினா கடைக்குள் உட்கார்ந்திருந்தாள். பாதித் தலை அவிழ்ந்திருந்தது.

செர்வா அங்கே போனாள். வாசலுக்கு வெளியே நின்றாள்.

"அக்கா."

"உள்ள வராதம்மா" என்றாள் ஃபாஸ்டினா. ஏளனமில்லாமல்தான் சொன்னாள். "தப்பா எடுத்துக்காத. என்னோட ஆளுங்க பயப்படறாங்க."

போவாட்டெமா கண்ணாடியிலேயே பார்த்துப் பேசினாள். "உந்தங்கச்சிக்கு நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லல செர்வா. எனக்குன்னு ஒரு தங்கச்சி இருந்தா நானும் செஞ்சிருப்பேனோ என்னமோ. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. நேத்து நான் வந்து உன் நாற்காலியில உக்காந்திருந்தா, எங்கிட்டச் சொல்லியிருப்பியா?"

செர்வாவின் கண் அவிழ்ந்த பாதித் தலையின் ஓரத்துக்குப் போனது.

"சொல்லாம கைய வச்சிருப்ப. இல்ல?"

"கழுவிட்டு வச்சிருப்பேன்கா."

"அதான்." போவாட்டெமாவின் குரல் உடைந்தது. "பத்து வருஷம் கண்ண மூடிட்டுக் குடுத்த தலைடீ இது."

"அக்கா, ஃபாஸ்டினா இன்னைக்கு மருந்து வைக்கறாளா? இன்னைக்கு அவிழ்த்துட்டு இன்னைக்கே வைக்காதீங்க. உங்க ஓரம் தாங்காது."

"இனிமே எந்தலையப் பத்தி நீ பேசாத."

ஃபாஸ்டினா கையுறையை மாட்டிக்கொண்டாள். மருந்து டப்பாவின் மூடி திறந்திருந்தது. அதன் நெடி தெரு வரைக்கும் வந்தது.

அந்த வாரம் இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரும் ஊருக்குப் புதியவர்கள். அடுத்த வாரம் அவர்களுக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள். வேலை கற்றுக்கொண்டிருந்த பெண்ணை அவள் அம்மா வந்து கூட்டிப்போனாள். எதிர்வீட்டுக்காரி தன் பிள்ளையின் தலைக்கு வாங்கிய எண்ணெய்ப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தாள், பாதி தீர்ந்திருந்தது. ஆம்போஃபோ நான் அப்பவே சொன்னேன் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம் என்று செர்வாவுக்கு இருந்தது. ஜூன் கடைசியில் தகரப்பெட்டிக் கடையை மொபைல் கார்டு விற்பவன் ஒருவன் எடுத்துக்கொண்டான். நீலத்தின் மேல் மஞ்சள் அடித்தான்.

ஜூலையில் மான்சா ஆள் அனுப்பினாள். போக்குவாவின் அடக்கத்தில் அந்தப் பின்னலைப் பார்த்த குடும்பங்கள் அதே மாதிரி கேட்பதாகவும், தன் கையில் அது வரவில்லை என்றும் சொல்லி அனுப்பியிருந்தாள். செர்வா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு போனாள். வாரத்துக்கு மூன்று தலை, சில வாரம் ஐந்து. பிள்ளைகளின் பள்ளி நிற்கவில்லை. விடுமுறைக்கு வந்த இளையவள், அம்மா வழக்கம்போலத் தன் மொட்டைத் தலையைத் தடவ வந்தபோது, தெரியாத மாதிரி நகர்ந்துகொண்டாள்.

அக்டோபரில் போவாட்டெமாவின் அம்மா இறந்தாள். அந்த அம்மாளுக்கு நல்ல நீளமான வெள்ளை முடி. மருந்தே படாத முடி. போவாட்டெமா நேரில் வந்தாள். மரத்தடிப் பெஞ்சுக்குச் சற்றுத் தள்ளி நின்று, அம்மாவுக்கு எந்தத் துணி, எந்த நிறம் என்று சொன்னாள்.

"மெதுவாப் பண்ணு செர்வா. அம்மாவுக்கு இழுத்தாப் பிடிக்காது."

"சரிக்கா."

சீப்பையும் எண்ணெயையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அதைச் செர்வாவின் கையில் கொடுக்காமல் பெஞ்சின் ஓரத்தில் வைத்தாள். குனிந்தபோது அவளுடைய தலைத்துணி நழுவியது. இரண்டு நெற்றிப்பொட்டிலும் முடி இரண்டு விரல் அகலத்துக்குப் பின்வாங்கி, தோல் பளபளத்தது. சட்டென்று துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

செர்வா பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெள்ளை முடியை நுனியிலிருந்து சிக்கெடுத்து, ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளிப் பின்னத் தொடங்கினாள். போவாட்டெமா முடியும்வரை வெளியே காத்திருந்தாள்.